ரோமியோ ஜூலியட் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கும் கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பாடத்தில் கதைச்சுருக்கமாகப் படித்துவிட்டு இப்போது முழு நாடகத்துக்கு வருகிறவர்கள், வகுப்பில் இதை நடத்த வேண்டிய ஆசிரியர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நாடகத்துக்குள்ளேயே போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

முதல் தடவை படிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நோட்ஸிலிருந்து தொடங்காதீர்கள். கையில் ஒரு பென்சிலோடு நாடகத்தையே எடுங்கள். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் ஓரத்தில் கிழமையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டே போங்கள். ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தில் மணிக்கணக்கு சொல்வதில் மிகக் கறாராக இருக்கிறார். யாராவது ஒருவர் "இன்று திங்கள்" என்பார், "மணி ஒன்பது அடித்தபோது அனுப்பினேன்" என்பார், "ஒரு மணி நேரம் முன்புதான் உறவானோம்" என்பார். இவற்றைக் குறித்துக்கொண்டு படித்தால், வேறு எந்த விளக்கவுரையும் இல்லாமலே நாடகத்தின் நெஞ்சுக்கூட்டுக்குள் போய்விடலாம். இது காதலைப் பற்றிய நாடகம்தான். ஆனால் அவசரத்தைப் பற்றியும் இது பேசுகிறது. அதில் பெரும்பங்கு பெரியவர்களின் அவசரம் என்பது என் உறுதியான கருத்து.

கதை மொத்தம் எத்தனை நாளில் நடக்கிறது?

வெரோனா நகரில் மாண்டேக், கேப்புலட் என்ற இரண்டு பகைக் குடும்பங்களின் ஆட்கள் ஞாயிறு காலையில் போடும் தெருச்சண்டையோடு தொடங்குகிறது. வியாழன் விடியலில், அல்லது சிலர் கணக்குப்படி வெள்ளி விடியலில், கல்லறையில் முடிகிறது. அவ்வளவுதான்.

ஞாயிறு இரவு கேப்புலட் வீட்டு விருந்து. மாண்டேக் வீட்டு ரோமியோவும் கேப்புலட் வீட்டு ஜூலியட்டும் சந்திக்கிறார்கள். அன்றிரவே சாளரத்தடியில் பேசிக் கல்யாணம் வரை முடிவுசெய்கிறார்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஜூலியட்டின் செவிலி ரோமியோவைத் தேடிப் போகிறாள், பன்னிரண்டு மணிக்குத் திரும்புகிறாள். பிற்பகலில் துறவி லாரன்ஸின் அறையில் திருமணம். அது முடிந்து ஒரு மணி நேரத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ சாகிறான், அவனைக் கொன்ற ஜூலியட்டின் உறவினன் டிபால்ட் ரோமியோ கையால் சாகிறான், ரோமியோவுக்கு நாடுகடத்தல் தண்டனை. திங்கள் இரவு ஒன்றாகக் கழிக்கிறார்கள். செவ்வாய் விடியலில் ரோமியோ பக்கத்து நகரமான மாண்டுவாவுக்குக் கிளம்புகிறான். அவன் சாளரத்தைவிட்டு இறங்கிய சிறிது நேரத்தில் அம்மா வந்து, வியாழக்கிழமை உனக்கும் பாரிஸ் பிரபுவுக்கும் கல்யாணம் என்கிறாள். அப்பா கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்துவிட, பிணம்போல் கிடக்கச் செய்ய லாரன்ஸ் கொடுத்த மருந்தை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்கிறாள். புதன் காலை கல்யாண வீடு சாவு வீடாகிறது.

இந்தக் கதை ஷேக்ஸ்பியருக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் புரூக் 1562ல் எழுதிய நீண்ட கவிதை வழியாக. அதில் இதே சம்பவங்கள் ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் பரவிக் கிடக்கின்றன. திருமணத்துக்குப் பிறகு காதலர்கள் பல வாரங்கள் ரகசியமாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். ஷேக்ஸ்பியர் அதை எடுத்து அவர்களுக்கு ஒரே ஒரு இரவு மட்டும் கொடுத்தார். கதை மாறவில்லை, காலம் மட்டும்தான் சுருங்கியது. துயரம் வந்து ஏறிக்கொண்டது அங்கேதான்.

அப்படியென்றால் கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கதை இல்லையா?

இல்லை. இத்தாலியில் இது பல கைகள் மாறிய கதை. மசூச்சோ சலெர்னிடானோ 1476ல் வெளிவந்த தன் கதையில் இதன் பழைய வடிவத்தைச் சியேனா நகரில் நடப்பதாகச் சொன்னார். 1530 வாக்கில் லூயிஜி தா போர்ட்டோ அதை வெரோனாவுக்குக் கொண்டுவந்து காதலர்களுக்கு இன்று நாம் அறிந்த பெயர்களைக் கொடுத்தார். பண்டெல்லோ 1554ல் விரித்து எழுதினார், அது பிரெஞ்சுக்குப் போய் அங்கிருந்து புரூக்கின் கைக்கு வந்தது. அந்தக் காலத்து நாடக ஆசிரியர்கள் ஊரறிந்த கதையை எடுத்து நாடகமாக்குவது சாதாரணம். நம் தெருக்கூத்தில் பாரதக் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள் அல்லவா, அங்கேயும் கதை தெரிந்துதான் கூட்டம் வந்தது.

தொடக்கப் பாட்டிலேயே இருவரும் சாவார்கள் என்று சொல்லிவிடுகிறாரே, பிறகு என்ன சுவாரஸ்யம்?

பதினான்கு வரியில் முழுக்கதையும் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் நடித்துக் காட்டப்போகிறோம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதனால் "என்ன ஆகும்" என்ற கேள்வி நம்மிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது "எப்படி ஆனது, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்" என்ற கேள்வி. நாடகம் முழுக்க அந்தத் தடுத்திருக்கக்கூடிய இடங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் கைநழுவிப் போகவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பார்வையாளருக்குக் கிடைக்கும் வேதனை.

ஜூலியட்டுக்கு நிஜமாகவே 13 வயதுதானா? அந்தக் காலத்தில் அது சகஜமா?

ஆமாம், 13 முடிந்து 14 ஆவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் கொஞ்சம் பாக்கி. பிறந்தநாள் ஜூலை 31 இரவு என்று செவிலி திரும்பத் திரும்பச் சொல்கிறாள். புரூக்கின் கவிதையில் அவளுக்கு 16. ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அந்த வயதில்தான் கல்யாணம் என்று பல நோட்ஸ்களில் எழுதியிருக்கும், நம்பாதீர்கள். தேவாலயச் சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயதானால் திருமணம் செல்லும் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேக்குத் திருமணத்தின்போது 26 வயது. ஆகவே லண்டனில் நாடகம் பார்த்த கூட்டத்துக்கும் 13 என்பது சின்ன வயதாகத்தான் பட்டிருக்கும். நாடகத்திலேயே அவள் அப்பா முதலில் அப்படித்தான் சொல்கிறார்: "இன்னும் இரண்டு கோடை போகட்டும்." இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வருடம் பொறுக்கச் சொன்ன மனிதர், செவ்வாய்க்கிழமை ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறார்.

ரோசலின் என்று ஒருத்தி எதற்கு? மேடைக்கே வரவில்லையே?

ரோமியோ முதலில் உருகுவது அவளுக்காக. அந்த உருக்கமெல்லாம் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டது மாதிரி இருக்கும். குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்று முரண்களாக அடுக்குவான். ஜூலியட்டைப் பார்த்த பிறகு அவன் மொழி மாறுகிறது. அந்த மாற்றத்தைக் காட்ட ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது, அதற்குத்தான் ரோசலின்.

முதல் சந்திப்பில் சானெட், அதாவது பதினான்கு வரிப் பாட்டு, ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, புரியவில்லை.

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் இந்த நாடகத்தின் கைவேலையை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேறு இடம் கிடைக்காது.

முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. விருந்தில் ரோமியோ ஜூலியட்டைப் பார்த்து வியக்கிறான். அந்தக் குரலைக் கேட்டே இவன் மாண்டேக் வீட்டான் என்று டிபால்ட் கண்டுபிடித்துவிடுகிறான், வாளைக் கொண்டுவரச் சொல்கிறான். ஜூலியட்டின் அப்பா கேப்புலட் அவனை அடக்குகிறார், விருந்து வீட்டில் ரகளை வேண்டாம் என்று. டிபால்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, இப்போது இனிப்பாகத் தெரியும் இந்த நுழைவு கசப்பாக மாறும் என்று சபதம் போட்டுவிட்டு வெளியே போகிறான். அதற்கு அடுத்த வரி, இடையில் மூச்சுவிடக்கூட இடமில்லாமல், ரோமியோ ஜூலியட்டின் கையைத் தொட்டுப் பேசும் முதல் வரி.

அங்கிருந்து எண்ணுங்கள். ரோமியோ நான்கு வரி பேசுகிறான்: என் கை ஒரு புனிதத் தலத்தைத் தீண்டிவிட்டது, என் உதடுகள் இரண்டு யாத்ரீகர்களாக நின்று பரிகாரம் செய்யக் காத்திருக்கின்றன என்று. ஜூலியட் நான்கு வரியில் பதில் சொல்கிறாள்: யாத்ரீகரே, கையை ஏன் குறைசொல்கிறீர்கள், உள்ளங்கையும் உள்ளங்கையும் சேர்வதே பக்தர்களின் முத்தம்தானே என்று. அவன் உதட்டுக்கு இழுக்கிறான், அவள் உதடு பிரார்த்தனைக்கு என்று திருப்பிவிடுகிறாள். அடுத்த நான்கு வரிகளை இருவரும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடைசி இரண்டு வரியில் ஆளுக்கொன்று: புனிதச் சிலைகள் அசைவதில்லை, வேண்டுதலுக்கு அருள்வது உண்டு என்கிறாள் அவள்; அப்படியானால் அசையாதே, என் வேண்டுதலின் பலனை எடுத்துக்கொள்கிறேன் என்கிறான் அவன். முத்தம். மொத்தம் 14 வரி, சானெட்டுக்குரிய எதுகை அமைப்பு பிசகாமல்.

அக்கால சானெட்டுகளில் பெரும்பாலும் ஆண் பாடுவான், பெண் பாடப்படுவாள். அவளுக்குக் குரல் இருக்காது. இங்கே பாட்டில் பாதி அவளுடையது. அவன் போட்ட உருவகத்தை அவள் வாங்கி, புரட்டி, அவனிடமே திருப்பித் தருகிறாள். காதல் என்றால் இருவரும் சமம் என்று வசனத்தில் யாரும் சொல்லவில்லை. வரிப் பங்கீடே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். முத்தத்துக்குப் பிறகு இரண்டாவது சானெட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு வரிதான் ஓடுகிறது. செவிலி வந்து, "அம்மா கூப்பிடுகிறார்கள்" என்கிறாள். அந்தப் பாட்டு அங்கேயே அறுந்துபோகிறது.

பால்கனிக் காட்சி என்கிறோம். பால்கனி எங்கே?

நாடகத்தில் அந்தச் சொல்லே கிடையாது. மேலே ஒரு சாளரம், அவ்வளவுதான். வெரோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜூலியட் வீடு என்று காட்டும் பழைய கட்டடத்தின் பால்கனி 20ஆம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டது. மாண்டேக், கேப்புலட் ஆகிய இரு வம்சப் பெயர்களின் இத்தாலிய வடிவங்களைத் தாந்தே தன் காவியத்தில் ஒரே வரியில் குறிப்பிடுகிறார் என்பது உண்மை. காதல் கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஜூலியட்டின் நிதானம். அவன் நிலாவின்மேல் சத்தியம் செய்யப் போகிறான். மாதாமாதம் மாறுகிற நிலாவின்மேலா, வேண்டாம் என்று தடுக்கிறாள். இது மிகத் திடீரென்று நடக்கிறது, பார் என்று சொல்லி முடிப்பதற்குள் மறையும் மின்னல் மாதிரி இருக்கிறது என்றும் சொல்கிறாள். வேகத்தைப் பார்த்து முதலில் பயப்படுவது அந்த 13 வயதுப் பெண்தான். பிறகு கல்யாணப் பேச்சை எடுப்பதும் அவளே. இரண்டும் ஒரே காட்சியில். இந்த முரணைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள், அந்த வயதின் உண்மை அது.

பகல் வெளிச்சத்தில், திறந்தவெளி அரங்கில் நடித்தார்களாமே? இரவை எப்படிக் காட்டினார்கள்?

சொல்லால் காட்டினார்கள். பிற்பகல் வெயிலில் நின்றுகொண்டு தீவட்டி, நட்சத்திரம், நிலா, வானம்பாடி என்று பேசப் பேசக் கேட்பவர் மனத்தில் இருட்டு இறங்கும். நாடகத்தில் ஒளியும் இருளும் இவ்வளவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜூலியட்டாக நடித்தது ஒரு பையன் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண்கள் தொழில்முறையாக நடிக்கத் தொடங்கியது 1660க்குப் பிறகு.

மெர்குஷியோ சாவதை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

அதுவரை மேடையில் நடப்பதெல்லாம் இன்பியல் நாடகத்தின் சரக்கு: சண்டை போடும் வேலைக்காரர்கள், வாயாடிச் செவிலி, முகமூடி விருந்து, ரகசியக் கல்யாணம். மெர்குஷியோ அந்த உலகத்தின் ஆள், சாகும்போதும் சிலேடை பேசுகிறான். இரண்டு வீட்டையும் கொள்ளைநோய் கொண்டுபோகட்டும் என்று சபித்துவிட்டு அவன் போனதும் சிரிப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ரோமியோ நல்லெண்ணத்தோடு சண்டையை விலக்கத்தான் குறுக்கே புகுந்தான். அவன் கைக்கு அடியில் புகுந்துதான் டிபால்டின் வாள் பாய்ந்தது.

எல்லாவற்றுக்கும் விதிதான் காரணமா? இது பரீட்சையில் கட்டாயம் வரும்.

விதி என்று எழுதினால் மேற்கோள் தாராளமாகக் கிடைக்கும். தொடக்கப் பாட்டிலேயே நட்சத்திரம் கெட்ட காதலர்கள் என்று வருகிறது. விருந்துக்குப் போகுமுன், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று ரோமியோவுக்கு மனசு சொல்கிறது. டிபால்டைக் கொன்றதும் "நான் விதியின் கைப்பாவை" என்று கதறுகிறான். ஜூலியட் இறந்தாள் என்று கேட்டதும் நட்சத்திரங்களுக்கே சவால் விடுகிறான்.

ஆனால் நீங்கள் ஓரத்தில் குறித்துவைத்த கிழமைகளைத் திரும்பப் பாருங்கள். விதி என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடம் குறைவாகவும், ஒரு மனிதர் எடுத்த முடிவு என்று சொல்ல வேண்டிய இடம் அதிகமாகவும் இருக்கும். துறவி லாரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். "நிதானமாகப் போ, வேகமாக ஓடுகிறவன் தடுக்கி விழுவான்" என்று ரோமியோவுக்குப் புத்தி சொல்கிறார். சொல்லிவிட்டு, இந்தக் கல்யாணத்தால் இரு வீட்டுப் பகையும் தீரலாம் என்ற நல்ல நினைப்பில், அன்று பிற்பகலே ரகசியமாக நடத்திவைக்கிறார். ஐந்தாம் அங்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் இருட்டில் ஓடிவரும்போது அவர் வாயிலிருந்து வரும் வார்த்தை: "இன்றிரவு என் கிழக் கால்கள் எத்தனை முறை கல்லறைகளில் தடுக்கிவிட்டன!" ஓடுகிறவன் தடுக்குவான் என்றவரே ஓடித் தடுக்குகிறார். ஷேக்ஸ்பியர் இந்த இரண்டு வரிகளையும் மூன்று அங்க இடைவெளியில் வைத்திருக்கிறார். விடையில் இவற்றைச் சேர்த்துவைத்து எழுதுங்கள், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேப்புலட் அவரைவிட வேகம். துறவியிடம் போய்வந்த ஜூலியட் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, பாரிஸைக் கட்டிக்கொள்வதாக நடிக்கிறாள். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வியாழன் எதற்கு, நாளைக்கே வைத்துவிடலாம் என்கிறார். வியாழன்வரை போதிய நேரம் இருக்கிறது என்று அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் புதன் இரவு குடிக்க வேண்டிய மருந்தைச் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிறது. இந்த மருந்துத் திட்டத்தை ரோமியோவுக்குச் சொல்லித் துறவி எழுதிய கடிதம் மாண்டுவாவுக்குப் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் ஒரு முழுநாள் அங்கே பறிபோகிறது. இதை நட்சத்திரம் செய்யவில்லை.

ஜூலியட்டின் அப்பா முதலில் நல்லவர் மாதிரி இருந்தாரே?

மகளின் சம்மதமில்லாமல் என் விருப்பம் நிறைவேறாது என்று பாரிஸிடம் சொன்னவர்தான். மகள் மாட்டேன் என்று சொல்லும் சூழ்நிலை வராதவரை அப்படிச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை ஒரே மூச்சில் படியுங்கள். என் கணக்கில் நாடகத்தின் உச்சம் கல்லறைக் காட்சியைவிட இதுதான். ஜூலியட் மண்டியிட்டு, பொறுமையாக ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறாள். அப்பா கையை ஓங்குகிறார், வசை பொழிகிறார். கட்டிக்கொள்ளாவிட்டால் தெருவில் பிச்சையெடு, பட்டினி கிட, செத்துப் போ, என் சொத்தில் உனக்கு எதுவும் இல்லை என்கிறார். போய்விடுகிறார். அம்மாவிடம் திரும்புகிறாள், கல்யாணத்தை ஒரு மாதம், ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்கிறாள். என்னோடு பேசாதே, உன்னோடு எனக்கு இனி ஒன்றுமில்லை என்று அம்மாவும் போகிறாள். மிச்சமிருப்பது செவிலி. பால் கொடுத்து வளர்த்தவள், தூது போனவள், கல்யாண ரகசியம் அறிந்தவள். ஏதாவது ஆறுதல் சொல் என்கிறாள் ஜூலியட். பாரிஸையே கட்டிக்கொள், அவருக்கு முன்னால் ரோமியோ பாத்திரம் துடைக்கிற துணி என்கிறாள் செவிலி.

மனசாரத்தான் சொல்கிறாயா என்று கேட்கிறாள் ஜூலியட். ஆமாம் என்கிறாள் அவள். அதற்கு ஜூலியட்டின் பதில் "ஆமென்." ஒரே சொல். வாழ்நாள் உறவு அந்த ஒரு சொல்லில் முடிகிறது, செவிலிக்கு அது புரியக்கூட இல்லை. அவள் வெளியே போனதும், இனி உனக்கும் என் நெஞ்சுக்கும் தொடர்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். காட்சியின் தொடக்கத்தில் கணவனை வழியனுப்பிய பெண், காட்சியின் முடிவில் அப்பா, அம்மா, வளர்த்தவள் மூவரையும் இழந்திருக்கிறாள். யாரும் சாகவில்லை, எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பேசாமல் செவ்வாய் விடியலில் ரோமியோவோடு கிளம்பிப் போயிருக்கலாமே?

சங்கப்பாட்டு படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். வீட்டார் வேறு மணம் பேசினால் உடன்போக்குதானே வழி! செவிலித்தாய் புலம்பிக்கொண்டு பின்னால் வரட்டும், காதலர்கள் பாலை கடந்து போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இங்கே சிக்கல் என்னவென்றால், விடியலில் பிரியும்போது வேறு மணம் பேசப்பட்டது அவர்கள் இருவருக்கும் தெரியாது. திங்கள் இரவு மாடியில் அவர்கள் இருக்கும்போது கீழே கேப்புலட் பாரிஸிடம் வியாழக்கிழமையை உறுதிசெய்துகொண்டிருக்கிறார். அந்தச் சின்னக் காட்சியை ஷேக்ஸ்பியர் பிரிவுக் காட்சிக்குச் சற்று முன்னால் வைத்துவிட்டார். அதனால் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ரோமியோ சிறிதுகாலம் மாண்டுவாவில் இருக்கட்டும், துறவி நேரம் பார்த்து விஷயத்தை வெளியிட்டு, இளவரசரிடம் மன்னிப்பு வாங்கி அவனை அழைத்துக்கொள்வார் என்பதுதான் திட்டம். நியாயமான திட்டம்தான், கொஞ்சம் காலம் மட்டும் கிடைத்திருந்தால்.

கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை? இது கொஞ்சம் செயற்கையாகத் தெரிகிறதே?

கடிதம் கொண்டுபோன துறவி ஜான், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் நகரக் காவலர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். மாண்டுவா வெரோனாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். வேலைக்காரன் பால்தசார் குதிரையில் போய்ச் சாவுச் செய்தியைச் சொல்லிவிடுகிறான், உண்மைச் செய்தி ஊரைவிட்டே கிளம்பவில்லை.

செயற்கை என்று இன்று தோன்றலாம். 1592க்கும் 1594க்கும் இடையில் பெரும்பாலான நாட்கள் லண்டன் அரங்குகள் பிளேக்கால் மூடிக்கிடந்தன. அதற்குப் பிறகு சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருடங்களில் எழுதப்பட்ட நாடகம் இது. நோய் கண்ட வீட்டை ஆட்களோடு சேர்த்து அடைப்பதை அந்தப் பார்வையாளர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்தவர்கள். 2020ல் தெருமுனையில் தகரம் அடித்ததைப் பார்த்த நமக்கும் இது இனி செயற்கையாகப் படக்கூடாது.

பாரிஸை ரோமியோ கொல்கிறானா? நான் பார்த்த படத்தில் அது இல்லையே.

பல படங்களில் அதை வெட்டிவிடுகிறார்கள், கதாநாயகன் கை கறைபடக்கூடாது என்று. நாடகத்தில் கல்லறை வாசலில் பாரிஸ் மறிக்கிறான், ரோமியோ கெஞ்சுகிறான், பிறகு கொல்கிறான். முகத்தைப் பார்த்த பிறகுதான் யாரென்று தெரிகிறது. ஜூலியட்டின் பக்கத்தில் கிடத்தச் சொல்லிக் கேட்டதை நிறைவேற்றுகிறான். கேப்புலட் வீட்டார் தன்னை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாரிஸுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பகைக்குப் பலியானவர்களில் அவனையும் சேர்த்து எண்ணுங்கள்: மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகன் நாடுகடத்தப்பட்ட துக்கத்தில் இறந்த மாண்டேக் சீமாட்டி என்று ஆறு பேர்.

இளம் மாணவர்களுக்கு இதை நடத்தலாமா? தற்கொலையை அழகாக்கிவிடாதா?

ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி, கேட்பதற்காக மதிக்கிறேன். நடத்தலாம், ஆனால் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. நாடுகடத்தல் செய்தி கேட்டு ரோமியோ கத்தியை எடுக்கிறான். துறவி தடுத்து, அவனைத் திட்டி, உட்காரவைத்து ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்: ஜூலியட் உயிரோடிருக்கிறாள், உன்னைக் கொல்ல வந்தவன் இறந்தான், நீ இருக்கிறாய், மரணதண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. அன்று அவனைக் காப்பாற்றியது, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து பேசியது. கடைசியில் இருவரும் சாகும்போது அப்படி யாரும் பக்கத்தில் இல்லை. ஜூலியட் விழித்தபோது இருந்த துறவிகூடக் காவலர் சத்தம் கேட்டு, இனி இங்கே நிற்கத் துணிவில்லை என்று ஓடிவிடுகிறார். இதை இப்படியே வகுப்பில் சொல்லுங்கள். பாடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள், அன்றைக்கே பேசுங்கள்.

முடிவில் இரு குடும்பமும் சமாதானமாகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மாண்டேக் ஜூலியட்டுக்குத் தங்கத்தில் சிலை வைப்பேன் என்கிறார். அதே அளவு செல்வச் சிறப்போடு ரோமியோவுக்கும் நான் வைப்பேன் என்கிறார் கேப்புலட். கைகுலுக்கிக்கொள்கிறார்கள். மேடையில் இதை உண்மையான மனமாற்றமாகவும் நடிக்கலாம், போட்டி இன்னும் தீரவில்லை என்று தோன்றும்படியும் நடிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பிள்ளைகள் உயிரோடிருந்தபோது கேட்டது சிலை இல்லை, ஒரு வாரம் அவகாசம்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

குறிப்புகள் உள்ள எந்த நல்ல மாணவர் பதிப்பும் சரி. பின்னணியாக இது மட்டும் தெரிந்திருக்கட்டும்: முதல் அச்சு 1597ல் வந்தது, அளவில் சிறியது, பல இடங்களில் குளறுபடியானது. 1599ல் வந்த இரண்டாம் அச்சைத்தான் இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் அடிப்படையாகக் கொள்கின்றன. அந்த இரண்டாம் அச்சில் ஒரு சுவையான தடயம் உண்டு: நான்காம் அங்கத்தில் வேலைக்காரன் பீட்டர் நுழைய வேண்டிய இடத்தில், அந்த வேடம் கட்டிய நகைச்சுவை நடிகர் வில் கெம்ப்பின் பெயரே அச்சாகிவிட்டது. எழுதும்போதே ஷேக்ஸ்பியருக்கு நடிகரின் முகம் கண்முன் இருந்திருக்கிறது.

தமிழில் இதன் சாயல் உண்டா?

சினிமாவில் நிறைய. பழைய உதாரணம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1937ல் வந்த அம்பிகாபதி. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த அந்தப் படத்தின் காதல் காட்சிகள் இந்த நாடகத்தின் சாளரக் காட்சியை முன்னுதாரணமாகக் கொண்டவை.

உரக்கப் படித்துப் பழக ஒரு காட்சி சொல்லுங்கள்.

நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி. ஜூலியட் தனியாக, கையில் மருந்துக் குப்பியோடு. 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்து என்று துறவி சொல்லியிருக்கிறார். அம்மாவையும் செவிலியையும் அனுப்பிவிட்ட மறுநொடி பயம் வருகிறது, திரும்பக் கூப்பிடலாம் என்று நினைக்கிறாள், "செவிலி!" என்று குரலும் கொடுத்துவிடுகிறாள். உடனே, அவள் வந்து இங்கே என்ன செய்யப்போகிறாள் என்று நிறுத்திக்கொள்கிறாள். பிறகு மருந்து வேலை செய்யாவிட்டால், இது விஷமாக இருந்தால், ரோமியோ வருமுன் விழித்துவிட்டால், மூச்சு முட்டினால், எலும்புகளுக்கு நடுவே புத்தி பேதலித்தால் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள். முதலில் வாக்கியங்கள் ஒழுங்காக இருக்கும், போகப் போக நீண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். மூச்சு எங்கே வாங்குவது என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். "செவிலி!" என்ற அந்த ஒரு அழைப்பை வகுப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கட்டும்: ஒருவர் கதவுக்கு வெளியே கேட்கும்படி, இன்னொருவர் வாய்க்குள்ளேயே. எது சரி என்று விவாதிக்கும்போது மூன்றாம் அங்கத்தின் அந்த "ஆமென்" பேச்சில் தானாக வந்துவிடும்.